ஒன்பது வினாடிக்குப் பன்னிரண்டு சொல்

"யாரும் அசையாதீங்க. ரூம் டோன், ஒரு நிமிஷம்" என்று ஒலிப்பதிவாளர் கென்னடி கையைத் தூக்கினார். தில்லைநாயகம் நாற்காலியில் இருந்தபடி இருந்துவிட்டார். பேட்டி முடிந்தாலும் முடிந்ததாகக் கணக்கில்லை. பேசியவரும் கேட்டவரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒலிப்பதிவாளர் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்வார், பிறகு பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைக்க வேண்டும், ஏனென்றால் வெறுமைக்கும் ஊருக்கு ஊர் வேறு சத்தம் இருக்கிறது, சென்னை வெறுமையைக் கொண்டுவந்து சங்ககிரி வீட்டில் ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும். இதையெல்லாம் முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருப்பார், கலெக்டரிலிருந்து மீன்காரி வரை, எல்லோரும் முதலில் சிரிப்பார்கள், பிறகு கோயிலில் கண்ணை மூடுவதுபோல மூடிக்கொள்வார்கள். மின்விசிறியை நிறுத்தியாயிற்று, சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றியாயிற்று, குளிர்பெட்டியை அணைத்து அதற்குள் கென்னடி வண்டிச் சாவியை வைத்திருக்கிறார், கிளம்பும்போது சாவியைத் தேடினால்தான் குளிர்பெட்டியைப் போட ஞாபகம் வரும் என்று, எத்தனை வீட்டுப் பாலைத் திரியவிட்ட பிறகு கற்ற புத்தி அது. மத்தியானம் மூன்று மணி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த ஒரு நிமிடத்தில் தில்லைநாயகம் சாப்பாட்டைப் பற்றி நினைப்பார், அல்லது திரும்பிப் போகிற வழியில் எங்கே காப்பி நன்றாக இருக்கும் என்று நினைப்பார், இன்றைக்கு முடியவில்லை, எதிரே மூன்றடி தூரத்தில் கோகிலவாணி உட்கார்ந்துகொண்டு, புடவைத் தலைப்பில் குத்தியிருந்த மைக்கை ஒரு விரலால் தொட்டபடி, விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதில் பார்த்த பெண். இன்று முப்பத்தொன்று. சற்று முன்னால் அவள் கடைசியாகச் சொன்ன பதிலைத் தாண்டி அவருக்கு வேறு நினைப்பு ஓடவில்லை.

"எங்கப்பா லோடு ஏத்தப் போறப்ப நான் வாசல்ல நின்னுட்டு இருந்தனுங்க" என்று சொன்னாள். "அந்த முக்கு வரைக்கும் போனாரு. அங்க நின்னு திரும்பிப் பாத்தாரு. எனக்குக் கை காட்டுனாரு. எனக்கு அப்ப ஏழு வயசு, ஆனா நேத்து நடந்தாப்பல இருக்குதுங்க. திரும்பிப் பாத்துட்டுப் போனவரு வராம இருப்பாருங்களா? எங்க வீட்டுக்காரரு ஓசூர் கம்பெனில இருக்காரு, அங்க வந்துருன்னு ஏழு வருசமாக் கூப்படறாரு. சனிக்கிழமை வாராரு, ஞாயித்துக்கிழமை போறாரு. நான் போகலீங்க. அப்பா வந்தா அந்த முக்குல நின்னு நம்ம வீட்டத் தேடுவாருல்லீங்க." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேமராவுக்குப் பின்னால் வேல்சாமி மெதுவாக முகத்துக்கு நெருக்கமாகப் போனான், நல்ல கேமராக்காரன், எந்த இடத்தில் போக வேண்டும் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தில்லைநாயகத்தின் காதில் பழைய வரி ஒன்று ஓடியது. தெருமுனைக்குப் போனவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்ற மகளுக்கு ஒருமுறை கை காட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டு சொல். ஒன்பது வினாடி. இது இவள் ஞாபகம் இல்லை, என் கையெழுத்து, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்து, டீ ஆறிக்கொண்டிருக்க, நானாக எழுதியது. அவர் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை, கை காட்டவும் இல்லை, குறைந்தபட்சம் இவளுக்கு இல்லை, ஏனென்றால் இவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கென்னடி தலையைக் குனிந்துகொண்டு, "போச்சு. இன்னொரு தடவ போலாம் சார்" என்றார். கோகிலவாணி பதறிப்போய், "அது சுமதியக்கா வூடுங்க, சொல்லி நிறுத்தச் சொல்லட்டுங்களா?" என்றாள். "வேண்டாம்மா, மூணு விசிலோட நிக்கும், நாமளே காத்திருப்போம்" என்றார் கென்னடி. காத்திருந்தார்கள். இரண்டாவது விசிலும் வந்தது. மூன்றாவது உடனே வரவில்லை. அரிசியா பருப்பா என்று தில்லைநாயகத்தின் புத்தி ஒரு சுற்று போய்வந்தது, பருப்பு என்றால் இன்னும் ஒன்று வரும், மனைவி விசாலம் என்றால் நான்கு வைப்பாள், ரிட்டையர் ஆனபிறகு உங்களுக்குச் சும்மா உட்காரத் தெரியுமா என்று விசாலம் போன வாரம் கேட்டாள், கேலியாகத்தான் கேட்டாள், இவருக்குத்தான் பயமாக இருந்தது, இன்னும் நான்கு மாதம், அதற்குப் பிறகு காலையில் எழுந்து எந்தச் சத்தத்துக்கு எந்தச் சொல்லைப் போடுவது. மூன்றாவது விசில் வந்தது. கென்னடி மறுபடி கையைத் தூக்கினார்.

அன்று பழனியம்மாள் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தாள், இதே வீட்டுக்குப் பின்னால், குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, மூடவில்லை. கோகிலவாணியின் அம்மா. நான்கு வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டாளாம், இன்று காலை வந்த பிறகுதான் தெரிந்தது, சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்து. காணாமல் போனவர்களைப் பற்றிய தொடருக்காக வந்த அன்றைக்குக் கேமரா இன்னும் வண்டியிலிருந்தே இறங்கவில்லை, மைக் இல்லை, ஒன்றும் இல்லை, பேச்சுவாக்கில் கேட்டார், கடைசியாக உங்க வீட்டுக்காரரை எப்பம்மா பார்த்தீங்க என்று. "அவரு வெடியால நாலு மணிக்கே போயிட்டாருங்க. புள்ள தூங்கிட்டு இருந்துச்சு. மொத நாளு எங்களுக்குள்ள சண்ட. நான் முழிச்சுத்தான் இருந்தேன். எந்திரிக்கல. செவுத்தப் பாத்துப் படுத்துட்டு இருந்தேன். கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான்" என்றாள். பிறகு குழாயை மூடிவிட்டு, "இத டிவியில போட்றாதீங்க சாமி" என்றாள். போடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது, அந்தக் காலத்தில் மற்றவர்களெல்லாம் அழுகிற பெண்பிள்ளையின் மூக்குக்குக் கீழே மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதை எடுத்துவிட்டதும் படத்தில் அந்த இடம் ஓட்டையாகிவிட்டது. காலியான தெரு, ஒரு நாய், தெருமுனை, ஒன்பது வினாடி, அழகான காட்சி, வெட்ட மனசு வரவில்லை. மறுநாள் ஒளிபரப்பு. சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றால் சும்மா விட்டிருக்கலாம், நாய் நடந்து போவதை ஜனங்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. ஆனால் அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது, ஒன்பது வினாடியைச் சும்மா விட்டுவிட்டுத் தூங்கப் போகிற ஆளில்லை. மூன்று வினாடிக்கு நான்கு சொல், அதுதான் கணக்கு, அதற்குமேல் போனால் படிக்கிறவன் மூச்சு வாங்குவான். எழுதினார். படித்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, அவர் கண்ணில், அவர் எழுதியதைப் படித்து. அது பொய் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. பொய் என்றால் யாருக்காவது கெடுதல் வர வேண்டும், இதில் யாருக்கு என்ன கெடுதல், ஓடிப்போன மனிதனைக் கொஞ்சம் நல்லவனாக்கினோம், பிள்ளைக்கு ஆறுதல். அந்த ஒரு வரிக்குக் கடிதங்கள் மூட்டையாக வந்தன. பரிசுக் குழுவில் இருந்த ஒரு பெரியவர் மேடையில் அந்த வரியைச் சொல்லி நிறுத்திவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். எழுத்தாளர் என்று இருந்த பெயருக்குக் கீழே தயாரிப்பாளர் என்று சேர்ந்தது, தனி அறை வந்தது, அறைக்கு ஏசி வந்தது. இப்போது புதுத் தலைமை, அவருடைய மகள் வயசு, பழைய ஆட்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு தொடர் வேண்டும் என்றபோதுகூட முதலில் சொன்னது அதுதான், சார், அந்தக் கை காட்டற பொண்ணுகிட்ட இருந்து ஆரம்பிக்கலாம் சார்.

முழங்கால் மரத்துப்போயிருந்தது. சர்க்கரை வந்ததிலிருந்து கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு அங்குலம், அரை அங்குலம் நகர்த்தினால் போதும் என்று நகர்த்தினார், பிளாஸ்டிக் நாற்காலி கீச்சென்று அழுதது. கென்னடி கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார். "சார், குக்கரையாவது மன்னிக்கலாம்" என்றார். வேல்சாமி சிரித்தான், கோகிலவாணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வயசாயிடுச்சுய்யா, இன்னொரு தடவை எடு" என்றார் தில்லைநாயகம். இன்னொரு தடவை. இந்த வார்த்தையைச் சொல்லியே வாழ்க்கை போயிற்று. கோழிக்கு வரும் நோய்களைப் பற்றி எழுதத் தொடங்கியவர், அரசுத் தொலைக்காட்சியில் விவசாயிகளுக்கான பகுதி, கோழி பேசாது என்பதால் அதில் பிரச்சினை இல்லை. அப்புறம் மனிதர்கள் வந்தார்கள். ஏரிக்கரைக்காரர்கள், உப்பளத்துக்காரர்கள், குஷ்டரோக ஆஸ்பத்திரி, பாலம் இடிந்த ஊர், அம்மா இன்னொரு தடவை கதவைத் திறந்துகொண்டு வாங்க, ஐயா அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்க, இல்லை இல்லை என்னைப் பார்க்காதீங்க, இன்னொரு தடவை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்தார், ஜன்னலில் ஒரு புறா, நல்ல காட்சி, ஆறு வினாடி, எட்டுச் சொல் என்று மனசு எண்ணியது, எட்டுச் சொல்லையும் தேடிப் பிடித்துக் கோத்து முடித்துத் திரும்பியபோது அப்பாவுக்கு மூச்சு இல்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, விசாலத்திடமும் சொன்னதில்லை. கடைசியில் அப்பா இவரைத் தேடிப் பார்த்தாரா, பார்க்கவில்லையா, தெரியாது. தெரியாத இடத்தில் ஏதாவது ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கே எத்தனையோ தடவை ஆசை வந்திருக்கிறது, அப்பா ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தார் என்று, அதற்கு மட்டும் கை வரவில்லை. அடுத்தவன் அப்பாவுக்கு எழுத வந்த கை தன் அப்பாவுக்கு வரவில்லை. கென்னடி மூன்றாவது முறையாகக் கையைத் தூக்கினார்.

இந்த நிமிடம் முடிந்ததும் கென்னடி எழுந்து வந்து மைக்கைக் கழற்றுவார். டீ வரும். முறுக்கு வரும், வேண்டாம் என்றாலும் தட்டில் வைப்பாள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குச் சென்னை. சொல்லாமல் போய்விடலாம். சொல்லாமல் போவதில் ஒரு கஷ்டமும் இல்லை, இருபத்திரண்டு வருடம் அப்படித்தானே போயிற்று. இவள் சந்தோஷமாகத்தானே இருக்கிறாள். இருக்கிறாளா. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிற புருஷன், பூட்ட முடியாத ஒரு வீடு, தெருமுனையைப் பார்த்தபடி போட்ட நாற்காலி, காலையில் வேல்சாமிதான் காட்டினான், சார் இந்த நாற்காலி சூப்பர் ஷாட் என்று. பன்னிரண்டு சொல்லை நம்பி ஒருத்தி ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். சொன்னால் என்ன ஆகும். அப்பா போய்விட்டார், இப்போது அவர் காட்டிய கையும் போய்விடும், அம்மாவும் இல்லை, பாதி ராஜ்ஜியத்தைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி ஆகிவிடும், கிழவன் ஒருவன் தன் மனசைக் கழுவிக்கொள்ள ஒரு பெண்ணின் ஒரே சொத்தைக் கொளுத்திவிட்டுப் போனான் என்று ஆகும். பழனியம்மாளே வாயைத் திறக்கவில்லையே. காலையில் இவள் சொன்னாளே, "அப்பா எந்தப் பக்கமா நின்னு கை காட்டுனாருன்னு அம்மாகிட்ட ஒருக்காக் கேட்டனுங்க, அம்மா ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருச்சு" என்று. அந்த அடுப்படியில் நின்று பழனியம்மாள் என்ன நினைத்திருப்பாள். டிவிக்காரர் ஏன் இப்படிச் சொன்னார் என்றா, சொன்னதே நல்லதென்றா. அவளுக்கு வாய்ப்பூட்டு போட்டது யார். செவுத்தப் பாத்துப் படுத்துட்டு இருந்தேன் என்று என்றைக்காவது ஒருநாள் மகளிடம் சொல்லி அழுதிருப்பாள், அந்த வழியை அடைத்தது இந்தப் பன்னிரண்டு சொல்தானே. தில்லைநாயகத்துக்கு அழுகை வந்தது, அசையக்கூடாது என்பதால் அதையும் அசையாமல் அழ வேண்டியிருந்தது. கோகிலவாணி அதைக் கவனித்துவிட்டாள். அவள் சிரிப்பு மெல்லக் குறைந்தது. எங்கோ தூரத்தில் ஒரு லாரி கியர் மாற்றி மேடு ஏறியது, கென்னடி அதை விட்டுவிட்டார், இந்த ஊரில் லாரிச் சத்தம் இல்லாவிட்டால்தான் பொய்யாக இருக்கும்.

"கட். சூப்பர்" என்று கென்னடி ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "இரு கென்னடி, மைக் இருக்கட்டும்" என்றார் தில்லைநாயகம். சொன்ன மறுநொடி அவருக்கே அருவருப்பாக இருந்தது, முப்பத்தொரு வருடப் புத்தி, பாவமன்னிப்பையும் பதிவு செய்யப் பார்க்கிறது. "இல்ல, எல்லாத்தையும் நிறுத்து. கேமராவையும் நிறுத்துப்பா" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிறுத்தினார்கள். அவர் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கோகிலா, அப்பா கை காட்டினதா நீங்க சொன்னீங்கல்ல. அது நான் எழுதினது."

"ஏனுங்க?"

"அந்தப் படத்துல அந்த எடத்துல சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. அதனால நானா எழுதிட்டேன். உங்கப்பா விடியக்காலம் நாலு மணிக்குப் போயிருக்கார். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. உங்கம்மா என்கிட்ட சொன்னாங்க."

அவள் மைக்கின் ஒயரை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "எனக்குக் கண்ணுல தெரியுதேங்க" என்றாள். "வெள்ளச் சட்டைங்க." தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப அம்மாளுக்குத் தெரியும்" என்றாள் பிறகு. தெரியும் என்றார். குழாயடியில் பழனியம்மாள் சொன்னதை, சண்டையை, சுவரை, கதவுச் சத்தத்தை, ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னார். தன் வாழ்நாளில் இவ்வளவு மோசமாக எதையும் சொன்னதில்லை என்று அவருக்குத் தோன்றியது, திக்கினார், நடுவில் நிறுத்தினார். கோகிலவாணி மாலை போட்ட படத்தைத் திரும்பிப் பார்த்து, "சாகற வரைக்கும் சொல்லலியே இந்த மனுசி" என்று மெதுவாகச் சொன்னாள். அழுவாள் என்று நினைத்தார். திட்டுவாள் என்று நினைத்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா சார்" என்றாள். "எங்கப்பா எங்கியாச்சும் ஒரு ஓட்டல்ல உக்காந்து அந்தப் படத்தப் பாத்திருந்தாருன்னு வைங்க. அவருக்குத் தெரியுமே, அவரு கை காட்டலைன்னு. நாம சண்ட போட்டுட்டுச் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டம், அங்க புள்ள நம்மளப் பத்தி இப்படி நெனச்சுட்டு இருக்குது, இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறதுன்னு இருந்திருப்பாருங்களா?"

காணாமல் போனவர்கள் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும், அதற்காகத்தான் அந்தத் தொடரையே எடுத்தார்கள். பரிசுக் குழுவின் பெரியவர் பார்த்தார், கடிதம் எழுதியவர்கள் பார்த்தார்கள், இந்தக் குழந்தை பார்த்தது. பார்க்க வேண்டிய அந்த ஒரு மனிதன் அதைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்று எழுதியவனுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கும் தோன்றவில்லை, இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் தோன்றவில்லை, சற்று முன்னால் அந்த மூன்று நிமிடத்தில் தன்னைத் தானே அவ்வளவு குடைந்துகொண்டபோதும் தோன்றவில்லை. "தெரியலம்மா" என்றார்.

"கேமராவப் போடுங்க" என்றாள் கோகிலவாணி. வேல்சாமி தில்லைநாயகத்தைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார். எங்கே பார்ப்பது என்று அவள் கேட்டாள், கண்ணாடிக்குள்ளேயே பாருங்க என்று வேல்சாமி சொன்னான். அவள் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்பா, நான் கோகிலா பேசறேன். நீங்க போறப்ப நான் தூங்கிட்டு இருந்தேன். நீங்க கை காட்டல. பரவால்லீங்கப்பா. அம்மா முழிச்சுட்டுத்தான் இருந்துச்சு, கோவத்துல எந்திரிக்கல. அது போயி நாலு வருசமாச்சு. நான் ஓசூருக்குப் போறேன், வீட்டப் பூட்டப் போறேன். நீங்க வரோணும்னு இல்ல. ஒரு போன் மட்டும் பண்ணுங்க."

பிறகு பத்து எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேமராவுக்குப் பின்னால் யாரும் எதுவும் சொல்லாததால், சரியாகப் பதிந்ததோ இல்லையோ என்று, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள்.